நாற்பதுக்குக் கீழே வந்தால்

1

காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அது, என் தம்பி யூசுப் மவுத்தாகி ஒரு வருடம் நிறைகிற வாரத்திலேயே வந்து விழுந்தது. புதுச்சேரியில் அவன் பேரில் ஃபாத்திஹா ஓதி, நாலு பேருக்குச் சோறு போடுவார்கள். நான் இங்கே பாரிஸின் புறநகரில், ஏழாவது மாடியில், முழங்கை மடிப்பில் பஞ்சை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நாட்டுக்கு நான் வந்தது கல்யாணத்தால். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அவரால் எனக்கும். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பள்ளிக்கூடக் கேன்டீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. அந்த வேலைக்கு எவ்வளவு பிரெஞ்சு வேண்டுமோ அவ்வளவு பேசுவேன். “இன்னும் கொஞ்சம் வேண்டுமா”, “சிந்தாமல் சாப்பிடு”, “வரிசையில் நில்.” இதைத் தாண்டி வாழ்க்கை என்னிடம் ஏதாவது கேட்டால் மகளைக் கூப்பிட வேண்டியதுதான்.

முதல் முதலாகத் தனியாக ரத்தம் கொடுக்கப் போன நாள் இன்றைக்கும் மறக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் “ஆ ஜேன்?” என்று கேட்டாள். ஜேன் என்றால் இளமை என்று எனக்குத் தெரியும். நான் இளமையாக இருக்கிறேனா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு, “இல்லை மதாம், நாற்பது நெருங்குகிறது” என்றேன். அவள் கேட்டது, வெறும் வயிறா என்று. வருடம் தவறாமல் நோன்பு பிடிக்கிறவளுக்கு வெறும் வயிற்றுக்கு உண்டான சொல் தெரியவில்லை. அன்று வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அந்தக் கதையைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வருவதில்லை.

முடிவுகள் சாயங்காலத்துக்குள் தொலைபேசிக்கு வந்துவிடும். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நானே பார்த்துக்கொள்ளலாம். இதைப் பெரிய வசதி என்று சொல்கிறார்கள். அர்த்தம் தெரியாத எண்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்துப் பயப்படுவது என்ன வசதியோ தெரியவில்லை. எண்கள் என் தம்பியை என்ன பாடு படுத்தின என்று கண்ணால் பார்த்தவள் நான். அதை எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்து, இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

யூசுப் என்னைவிட நாலு வயது இளையவன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தான். முதலியார்பேட்டையில் வாடகை வீட்டின் மாடியில் அவனும் அவன் மனைவி மும்தாஜும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதற்காக இருவரும் அழுது நான் பார்த்ததில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போய், சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, எனக்குக் கடலைக் காட்டி வீடியோ போடுவார்கள். “உன் பாரிசுல இது இருக்கா?” என்று கேட்டுச் சிரிப்பான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எந்த ஊர் என்று கேட்பார்கள். பாண்டிச்சேரி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டுவார். இங்கே பாரிஸில் தமிழ்க் கடையில்கூட அதே சிரிப்புதான். யூசுப்புக்கு இதைக் கண்டாலே ஆகாது. ஒரு சொட்டு தொட்டதில்லை. கம்பெனியில் யாராவது ஓய்வு பெற்றால் ஹோட்டலில் விருந்து வைப்பார்கள். அவன் பரிசைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவான். அந்தப் பெயர் தன் மேல் ஒட்டக்கூடாது என்பதில் அவனுக்கு இருந்த வைராக்கியம், தொழுகையில்கூட இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

முதலில் அசதி என்றான். பிறகு சோறு பிடிக்கவில்லை, கண் மஞ்சளாக இருக்கிறது என்றான். நான் கத்திய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். அன்று மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

“அக்கா, என்னைப் பாத்துக் குடிப்பியான்னு கேக்கறாங்கக்கா.”

“எல்லாரையும்தான்டா கேப்பாங்க. ஈரல்னா அதைத்தான் மொதல்ல கேப்பாங்க.”

“ஒருத்தர் கேட்டாரு, இல்லன்னேன். சரின்னு விடணும்ல? இன்னொருத்தரு கேட்டாரு. மூணாவது வந்த ஆளு, ‘மறைக்காம சொல்லுங்க, மறைச்சா உங்களுக்குத்தான் கஷ்டம்’ங்கறாரு. எனக்குப் பின்னாடி வரிசையில யாரு நிக்கறான் தெரியுமா? எங்க கம்பெனி லோடிங் செல்வம். அவன் சிரிக்கறான்க்கா.”

“சிரிச்சா சிரிக்கட்டும். வேற என்ன டெஸ்ட்டு எழுதிக் குடுத்தாங்க?”

“என்னமோ வைரஸ் டெஸ்ட்டாம், ஸ்கேனாம். நான் வந்துட்டேன். இனிமே அந்தப் பக்கம் போக மாட்டேன்.”

போகவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தைக் கண்டுபிடித்தான். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. பணத்தைக் கட்டினால் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, மாலையில் ஈரல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவனுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பயந்து, கேள்வியே கேட்காத காகிதத்திடம் போய்ச் சேர்ந்தான். என் தம்பியைக் கொன்றது எது என்று யாராவது கேட்டால் நான் வைரஸைச் சொல்வேன். ஆனால் மனதுக்குள் அந்தச் செல்வத்தின் சிரிப்பைத்தான் சொல்வேன்.

3

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள் மும்தாஜ். இயல்புக்கு மீறிய எண்களைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். முதல் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற வரியில் தொள்ளாயிரத்துச் சொச்சம் இருந்தது. பக்கத்திலேயே, நாற்பது வரை இயல்பு என்று இருந்தது. அந்த நிலையத்தில் இருந்த பெண் மும்தாஜிடம், “ஈரல்ல எவ்ளோ புண்ணு இருக்குன்னு இதுதான் காட்டும், இது எறங்கணும்” என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை.

அன்று இரவு தொழுகைக்குப் பிறகு மும்தாஜ் கூப்பிட்டாள். குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“அக்கா, நான் நேந்துக்கிட்டேன்.”

“என்னான்னு?”

“எஸ்.ஜி.பி.டி. நாப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா தர்காவுல ஒரு தேக்சா நெய்ச்சோறு ஆக்கிப் போடறேன்னு.”

“அது என்னாடி நாப்பது? நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கக் கூடாதா?”

“சும்மா நல்லாகணும்னா எப்டிக்கா? எது நல்லான்னு தெளிவா கேக்கணும்ல. ரிப்போர்ட்லயே போட்டிருக்குதே, நாப்பதுன்னு.”

எங்கள் வீடுகளில் நேர்ச்சை அப்படித்தான். பரீட்சையில் பாஸாக வேண்டும், விசா கிடைக்க வேண்டும், வயிற்றில் இருப்பது தங்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லித்தான் நேர்ந்துகொள்வோம். கிடைத்ததா இல்லையா என்று பின்னால் தகராறு வரக்கூடாது. மும்தாஜ் கேட்டதில் எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் பிலிருபின் என்று இன்னொரு வரியும் தடித்த எழுத்தில் இருந்தது. அது மஞ்சள்காமாலையின் அளவு என்று தெரிந்துகொண்டார்கள். மஞ்சளுக்கு நம்மிடம் மருந்து இருக்கிறதே என்று காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். ஆக, பிலிருபின் கீழாநெல்லியின் பொறுப்பு, எஸ்.ஜி.பி.டி. தர்காவின் பொறுப்பு. ஆல்புமின் என்று கீழே ஒரு வரி இருந்தது. அதை யாரும் பொறுப்பெடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் இருநூறுக்கு வந்தது. மும்தாஜ் ஒவ்வொரு தடவையும் குரலைப் பதிந்து அனுப்புவாள்: “அக்கா, எறங்கிக்கிட்டே வருதுக்கா! மஞ்சதான் கொஞ்சம் அடம் புடிக்குது. அது எறங்க நாளாவுமாம்.” பின்னால் யூசுப் பாட்டு முணுமுணுப்பது கேட்கும். குரல் மட்டும் கொஞ்சம் இழுவையாக இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

4

இதே சமயத்தில்தான் எனக்கு வருடாந்திர ரத்தப் பரிசோதனை. இங்கே இதே என்சைம்களுக்குப் பெயர் வேறு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று நாம் சொல்வதை இவர்கள் தே ஜே ஓ, தே ஜே பே என்கிறார்கள். என்னுடையதில் தே ஜே பே கொஞ்சம் கூடியிருந்தது. தம்பியின் தொள்ளாயிரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் டாக்டர் வரச்சொன்னார். மகள் லைலாவை இழுத்துக்கொண்டு போனேன்.

லைலாவுக்கு இருபத்திரண்டு வயது. என்னிடம் பேசும்போது தமிழ், மற்ற எல்லோரிடமும் பிரெஞ்சு. என்னிடம் பேசுவது குறைந்துகொண்டே வருவதால் அவள் தமிழும் தேய்ந்துகொண்டு வருகிறது. யூசுப்பை “மாமா” என்று சொல்ல மாட்டாள், “உன் தம்பி” என்பாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் அவனை நேரில் பார்த்ததே மூன்று நான்கு தடவை. மற்றபடி அவன் அவளுக்கு, சாப்பாட்டு மேசையில் என் தொலைபேசிக்குள் இருந்து கத்துகிற ஒரு முகம்.

டாக்டர் “ஃபுவா, ஃபுவா” என்று பேசிக்கொண்டே போனார். பிரெஞ்சில் ஃபுவா என்றால் ஈரல், அதே ஃபுவாதான் ஈமானும். எழுதினால் ஒரு எழுத்து வித்தியாசம், காதுக்கு ஒன்றுமே இல்லை. வந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கிழவி தனக்கு ஃபுவா கெட்டுவிட்டது என்று புலம்பியபோது, பாவம், கடவுள் நம்பிக்கை போய்விட்டது போல என்று அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவள் நான். இந்தத் தடவை சரியாகவே புரிந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது ஈரல் நோய் உண்டா என்று கேட்டார்.

தம்பியின் ரிப்போர்ட்டுகளைத் தொலைபேசியில் வரிசையாகக் காட்டினேன். அன்று காலைதான் கடைசி ரிப்போர்ட் வந்திருந்தது. எஸ்.ஜி.பி.டி. முப்பத்தெட்டு. அந்த வரி முதல் தடவையாக மெலிந்த எழுத்தில் இருந்தது. மும்தாஜ் அதன் கீழே பூவும் பிறையும் போட்டு அனுப்பியிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் டாக்டரிடம் பெருமையாகத்தான் காட்டினேன். “நல்லாயிடுச்சு பாருங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். லைலாவிடம் மெதுவாக, நிறைய நேரம் பேசினார். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“என்னடி சொல்றாரு?”

“அம்மா... நம்பர் கீழ போறது நல்லது இல்ல.”

“ஏன்? மேல இருந்தாத்தானே கெட்டது?”

“மேல இருந்தா, ஈரல் உள்ள இருக்கற... அது பேரு என்ன... ஆளுங்க. சின்னச் சின்ன ஆளுங்க. அவங்க உடையறாங்க. உடைஞ்சா அந்தத் தண்ணி ரத்தத்துல வருது. அதைத்தான் அந்த நம்பர் எண்ணுது. இப்ப நம்பர் வரல.” அவள் வார்த்தை தேடினாள். “ஏன்னா, உடையறதுக்கு உள்ள ஆள் இல்ல, அம்மா. மிச்சம் இல்ல.”

செல் என்பதற்குத் தமிழ் தெரியாமல் அவள் ஆள் என்று சொன்னாள். அதைவிடத் தெளிவாக எந்தத் தமிழ் டாக்டரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. டாக்டர் மேலும் சொன்னதை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். என்சைம் இறங்குவது இரண்டு விதமாம். ஈரல் ஆறிக்கொண்டு வந்தாலும் இறங்கும், தீர்ந்துகொண்டு வந்தாலும் இறங்கும். எது என்று தெரிய மற்ற வரிகளைப் பார்க்க வேண்டும். ஈரல் ஆறினால் மஞ்சளும் கூடவே இறங்கும், ஈரல் செய்கிற புரதமான ஆல்புமின் ஏறும். யூசுப்புக்கு மஞ்சள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, ஆல்புமின் விழுந்திருக்கிறது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை யாரும் எடுக்கவே இல்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

எனக்கும் ஒரு வைரஸ் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பக்கத்திலேயே இருந்த பரிசோதனை நிலையத்தில் அதற்கும் ரத்தம் கொடுத்தேன். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். லைலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. “மாமாவுக்குப் போன் பண்ணு” என்றாள்.

5

பண்ணினேன். யூசுப்தான் எடுத்தான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.

“எதுக்குக்கா? நாப்பதுக்குக் கீழ வந்துடுச்சே!”

“அது எறங்கறது நல்லது இல்லையாம்டா. டாக்டர் சொன்னாரு.”

“ஏறினாலும் கெட்டது, எறங்கினாலும் கெட்டதா? பிரெஞ்சுக்கார டாக்டருக்கு நம்ம ஊரு ரிப்போர்ட்டு படிக்கத் தெரியுமா? அங்க வேற பேரு, இங்க வேற பேரு. நீ பயந்து என்னையும் பயமுறுத்தாத.”

மும்தாஜிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் பதறவில்லை. “வெள்ளிக்கிழமை நேர்ச்சையை முடிச்சிடறேன்க்கா. முடிக்காம ஆஸ்பத்திரிக்குப் போனா அது தப்புக்கா. குடுத்ததை வாங்கிக்கிட்டு ஏமாத்தின மாதிரி ஆயிடும்” என்றாள். அவள் ஈமானிடம் என் ஃபுவா தோற்றது. நான் போனில் அழுதேன், திட்டினேன். அழுகிற அக்காவை ஐயாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு போனில் ஒரு விரலால் அணைத்துவிட முடிகிறது.

நேரில் போய் இழுத்துக்கொண்டு போவது தவிர வேறு வழி இல்லை. போவதற்கு விசா வேண்டும். என் பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் பாண்டிச்சேரி என்றுதான் அச்சடித்திருக்கிறது. அந்த ஊருக்குப் போவதற்கு நான் எதற்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். உறவினரைப் பார்ப்பது சுற்றுலாவில் அடங்கும் என்று இருந்தது. சாகக் கிடக்கிற தம்பியைப் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணி என்று என்னைப் பதிந்துகொண்டேன். தலைத்துணி முகத்தில் நிழல் விழவைக்கிறது என்று புகைப்படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எடுத்தேன், மறுபடியும் திரும்பியது. லைலா சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பை மாட்டி, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத கண்ணோடு அந்தப் படத்தில் நான் இருப்பதைப் பார்த்தால் எனக்கே விசா கொடுக்கத் தோன்றாது. எப்படியோ கொடுத்தார்கள். வியாழன் இரவு விமானம்.

விமான நிலையத்தில் காத்திருந்தபோது என் வைரஸ் முடிவு தொலைபேசியில் வந்தது. பி வைரஸ் இருக்கிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்று, வழியனுப்ப வந்திருந்த லைலா படித்துச் சொன்னாள். இங்கே பிறந்ததால் அவளுக்குக் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டிருக்கிறது. அப்படியானால் யூசுப்புக்கும் இதுதான் என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே நோயை வாங்கிக்கொண்டு பிறந்தோம். எனக்கு அதைப் பிடிக்க ஒரு நாடு இருந்தது. அவனுக்குப் பிடிக்க வந்தவர்களை அவன் விரட்டிவிட்டான்.

6

சென்னையில் இறங்கி, கார் பிடித்து, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரத்துக்குப் புதுச்சேரிக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் தர்காவில். பெட்டியோடு அங்கேயே போனேன்.

அண்டா போன்ற தேக்சாவில் நெய்ச்சோறு, பக்கத்தில் பருப்புத் தால்சா. மும்தாஜ் பெண்கள் பக்கம் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். யூசுப் வெள்ளைச் சட்டை போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையும் கழுத்தும் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு நின்றது. கண்ணும் முகமும் உள்ளங்கையும் மஞ்சள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து கத்தி அழ வேண்டும் போலிருந்தது.

“பாத்தியாக்கா? முப்பத்தெட்டு” என்றான்.

எதிரில் தட்டோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இவருதான்க்கா செல்வம்” என்றான் யூசுப். வரிசையில் நின்று சிரித்த அந்த ஆள். வேலை மெனக்கெட்டு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறான். “செல்வம், நீயே சொல்லு. குடிக்கறவன் ஈரலா இருந்தா இப்டி எறங்குமா?”

செல்வம் என்னைப் பார்த்தார். என் தம்பியின் வயிற்றைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, “எறங்காதுப்பா. நீ குடிக்கறவன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரை வெறுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன், வெறுக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் யூசுப் என் பக்கம் திரும்பி, “அக்கா, நீ எப்ப வந்த?” என்று கேட்டான். சொன்னேன். மறுபடியும் கேட்டான்.

மும்தாஜைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லைலா எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். உள்ளே ஆள் இல்லை என்பதைச் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். ரிப்போர்ட்டைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“நல்லாப் பாருங்கக்கா. முப்பத்தெட்டுன்னுதானே போட்டிருக்கு.”

“ஆமாம்டி.”

“தடிச்ச எழுத்துகூட இல்ல.”

“இல்ல. ஆனா மஞ்ச எவ்ளோ ஏறியிருக்கு பாரு. அவன் என்னை எத்தினி தடவை எப்ப வந்தன்னு கேட்டான், கேட்டியா?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நாற்காலியிலேயே தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தான். செல்வம் அவன் தோளைப் பிடித்து விழாமல் நிறுத்தியிருந்தார். மும்தாஜ் தொலைபேசியை வைத்துவிட்டு அவனிடம் போனாள். ஆட்டோ கொண்டுவந்தது செல்வம்தான்.

7

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளவயது டாக்டர் அம்மா ஒருவர் பார்த்தார். எழுதிக்கொண்டே, “குடிப்பாரா?” என்று கேட்டார். மும்தாஜ் “இல்லைங்க” என்றாள். அவ்வளவுதான். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இவ்வளவு சின்னக் கேள்வியா அது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அவர் எங்களை வெளியே கூப்பிட்டார். “இது குடியினால வந்தது இல்லம்மா. பி வைரஸ். ரொம்ப வருஷமா உள்ளேயே இருந்திருக்கு. இப்ப ஈரல் முழுக்கச் சுருங்கிப்போச்சு” என்றார். முன்னாலேயே வந்திருந்தால் தினமும் ஒரு மாத்திரையில் அடக்கி வைத்திருக்கலாம் என்பதையும் சொன்னார். அந்த மாத்திரையை நான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.

மும்தாஜ் கேட்டதும் உள்ளே ஓடினாள். அவன் காதில் வாயை வைத்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, “கேட்டுச்சா? குடியால இல்லையாம்! டாக்டரே சொல்லிட்டாங்க! குடியால இல்லையாம்!” என்று கத்தினாள். யூசுப்புக்கு அப்போது நினைவு இல்லை. அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்க நினைத்த ஒரே தீர்ப்பு வந்தபோது அவன் இல்லை.

என் ஈரலில் பாதியைக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். எனக்கும் அந்த வைரஸ் இருப்பதைச் சொன்னதும், முடியாது என்று தலையசைத்தார். வேறு யாராவது கொடுத்தாலும் அதற்கு வேண்டிய அவகாசம் அவனுக்கு இல்லை என்றார்.

நடையில் இருந்த பெஞ்சில் நானும் மும்தாஜும் உட்கார்ந்தோம். மும்தாஜ் என் பக்கம் திரும்பினாள்.

“நான் கேட்டது கெடைச்சிடுச்சுல்லக்கா?”

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“தப்பானதைக் கேட்டுட்டேன். சொல்லுங்க, எதைக் கேட்டிருக்கணும்?”

நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். “பேரைச் சொல்லுங்கக்கா. இப்பக் கேக்கறேன்.”

சொன்னேன். வேறு என்ன செய்ய? பிலிருபின் என்றேன். ஆல்புமின் என்றேன். ரத்தம் உறைவதைக் காட்டுகிற அளவுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர் என்றேன். காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். மும்தாஜ் உதட்டை அசைத்து ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தினாள். ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்த அந்த நடையில், கண்ணை மூடி, நான் சொன்ன பெயர்களைச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திக் கண்ணைத் திறந்தாள். ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது.

“அக்கா, ஐ.என்.ஆர். ஏறணுமா, எறங்கணுமா?”